டிமார் டிரோசனை அனுப்பினது துரோகமா, பிசினஸா?

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். 2018ல நம்ம பாஸ்கெட்பால் டீம் டொராண்டோ ராப்டர்ஸ், தன்னோட ஸ்டார் பிளேயர் டிமார் டிரோசனை டிரேட் பண்ணி வேற டீமுக்குக் கொடுத்தப்போ உங்களுக்குப் பதினாறு வயசு, ரூம்ல ஒட்டியிருந்த போஸ்டரை எடுக்க மனசு வரல, அடுத்த வருஷமே டீம் கப் ஜெயிச்சப்போ கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சு, ஆனாலும் உள்ள ஒரு உறுத்தல் இன்னும் போகல, பிளேயர் தானா போனா துரோகின்றாங்க, டீம் அவரை அனுப்பினா இதெல்லாம் பிசினஸ்ன்றாங்க, இது என்ன நியாயம், அவரோட 10ஆம் நம்பர் ஜெர்சியை இனிமே போடலாமா கூடாதான்னு கேட்டிருக்கீங்க. மேலோட்டமா பாத்தா லாயல்டி பெருசா பிசினஸ் பெருசான்ற கேள்வி மாதிரிதான் தெரியுது. ஆனா நீங்க உண்மையில கேக்குறது, அந்த மனுஷனுக்கு அநியாயம் நடந்துச்சா, நடந்திருந்தா அதுக்கு அப்புறம் வந்த கப்பை நான் எப்படி சந்தோஷமா கொண்டாடுறதுன்றதுதான். அதுக்கு என்னால முடிஞ்ச அளவு நேராவே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல நான் எங்க நின்னு பேசுறேன்னு சொல்லிடறேன். திருச்சியில காலேஜ் டீமுக்கு பாஸ்கெட்பால் ஆடினேன், இங்க டொராண்டோவுல ஸ்கார்பரோவுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. வேலை, தொழிற்சங்கங்களுக்காக முதலாளிங்களோட உக்காந்து கூட்டு ஒப்பந்தம் பேசுறது, ஒப்பந்தத்தை மீறினா புகார் எடுத்துட்டுப் போறது. ராப்டர்ஸ் ஆடுற என்பிஏ பாஸ்கெட்பால் லீக்ல பிளேயருங்களும் ஒரு சங்கம்தான், அவங்களுக்கும் லீக்குக்கும் நடுவுல இருக்குறதும் ஒரு கூட்டு ஒப்பந்தம்தான், அதனால நான் விளையாட்டுச் செய்தி படிக்கிறப்போகூட என் கண்ணு முதல்ல அந்தப் பக்கம்தான் போகும். ஆனா நான் எந்த டீம் ஆபீஸ்லயும் உக்காந்ததில்ல, ஏஜென்ட்டும் இல்ல. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்றதை உறுதியா சொல்வேன். மூடின கதவுக்கு உள்ள யார் யார்கிட்ட எந்த வார்த்தையில பேசினாங்கன்றதை, அவங்களே வெளிய சொன்னதை வெச்சு மட்டும்தான் சொல்ல முடியும்.

இந்த டிரேட் நம்ம ஊரை ஏன் இவ்ளோ அடிச்சுதுன்னு புரியணும்னா அதுக்கு முன்னாடி போனவங்களை நினைச்சுப் பாக்கணும். 1995ல ஆட ஆரம்பிச்ச டீம் இது. முதல் ஸ்டார் டேமன் ஸ்டௌடமையர் 1998ல போயிட்டார், டிரேசி மெக்ரேடி 2000ல, வின்ஸ் கார்ட்டர் 2004 டிசம்பர்ல, கிறிஸ் பாஷ் 2010ல. டொராண்டோவுல எவனும் நிக்க மாட்டான்றது இங்க எல்லார் வாயிலயும் வர்ற பேச்சாவே ஆயிடுச்சு. பாஷ் போனப்போ டிரோசனுக்கு 20 வயசு, ஒரே ஒரு சீசன்தான் ஆடியிருந்தார், அந்தப் பையன் ட்விட்டர்ல கவலைப்படாதீங்க நான் இருக்கேன்ற மாதிரி ஒரு வரி போட்டான். அப்போ யாரும் பெருசா எடுத்துக்கல. ஆனா 2016ல ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, எங்க வேணா போகலாம்ன்ற நிலைமை வந்து, அவர் பொறந்து வளந்த லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்தான் போவார்னு ஊரே பேசிட்டு இருந்தப்போ, வேற ஒரு டீமைக்கூட சந்திக்காம 5 வருஷத்துக்கு 13.9 கோடி டாலருக்கு இங்கயே கையெழுத்துப் போட்டார். 2018 பிப்ரவரில தன்னோட மனச்சோர்வைப் பத்தி ராத்திரி நேரத்துல ஒரு வரி எழுதினார், அதுக்கப்புறம்தான் லீக்ல மத்தவங்களும் அதைப் பத்தி வாய் திறந்து பேச ஆரம்பிச்சாங்க. 9 சீசன், 675 மேட்ச், 13,296 பாயின்ட், போறப்போ டீம் வரலாத்துலயே அவர்தான் டாப். எல்லாரும் போன வீட்ல இருந்து போகாம நின்ன ஒரே புள்ளை, அவரையே வெளிய அனுப்பிட்டாங்கன்றதுதான் உங்க உறுத்தல், அது ரொம்ப நியாயமானது.

2018 சீசன்ல டீம் 59 மேட்ச் ஜெயிச்சது, அதுவரைக்கும் அதுதான் டீமோட பெஸ்ட். அப்புறம் பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சதும் கப்புக்காக நடக்குற நாக் அவுட் சுற்றுல, லெப்ரான் ஜேம்ஸோட கிளீவ்லாண்ட் கிட்ட 4-0ன்னு தோல்வி, அதுக்கு முந்தின வருஷமும் அதே கிளீவ்லாண்ட் கிட்ட அதே 4-0. கோச் டுவேன் கேஸியை மே மாசம் நீக்கினாங்க, அடுத்த மாசமே லீக் அவரை அந்த வருஷத்தோட சிறந்த கோச்னு அறிவிச்சது. ஜூலை 18ஆம் தேதி டிரோசன், யாக்கோப் பொர்ட்ல், ஒரு முதல் ரவுண்ட் டிராஃப்ட் பிக் (புதுசா வர்ற பிளேயரைத் தேர்ந்தெடுக்குற உரிமை) மூணையும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கொடுத்து காவாய் லெனார்டையும் டேனி கிரீனையும் வாங்கினாங்க. சினிமா பாத்துட்டு வந்தவருக்கு ராத்திரி போன் வந்துச்சு, ஒரு பர்கர் கடை பார்க்கிங்ல ரெண்டு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்னு பின்னாடி ஒரு பேட்டியில சொன்னார். இன்ஸ்டாகிராம்ல, ஒண்ணு சொல்றாங்க இன்னொண்ணு நடக்குது, இவங்களை நம்ப முடியாது, இந்த ஆட்டத்துல விசுவாசமே கிடையாதுன்ற அர்த்தத்துல எழுதினார். அதுல முதல் வரியை மனசுல வெச்சுக்கோங்க, அதுக்குத் திரும்ப வரேன்.

இப்போ என் தொழில் பக்கம். சாதாரண வேலையில சட்டம் என்னன்னா, உங்க முதலாளி உங்க வேலை ஒப்பந்தத்தை உங்க சம்மதம் இல்லாம இன்னொரு கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க முடியாது. மெஷினை விக்கலாம், கட்டடத்தை விக்கலாம், ஆளைத் தூக்கி இன்னொருத்தர் கையில கொடுக்க முடியாது. இங்க ஒன்டாரியோவுலயும் சரி நம்ம நாட்லயும் சரி அடிப்படை இதுதான். அப்போ என்பிஏல மட்டும் எப்படி நடக்குது? அங்க லெப்ரான்ல இருந்து பெஞ்சுல கடைசியா உக்கார்ற பையன் வரைக்கும் எல்லாரும் ஒரே மாதிரி அச்சடிச்ச ஒப்பந்தத்துலதான் கையெழுத்துப் போடுறாங்க. அதோட 10ஆவது பிரிவுல, இந்த ஒப்பந்தத்தை லீக்ல இருக்குற வேற எந்த டீமுக்கும் மாத்திக் கொடுக்குற உரிமை டீமுக்கு உண்டு, பிளேயர் அதை ஏத்துக்கிட்டு அங்க போய் ஆடணும்னு இருக்கு. அதாவது சம்மதம் இல்லாம அனுப்பல, சம்மதத்தை முதல் நாளே எழுதி வாங்கி வெச்சுக்கறாங்க. பதிலுக்கு சம்பளத்துல ஒரு டாலர்கூட குறையாது, புது டீம் அதே ஒப்பந்தத்தை அப்படியே சுமக்கணும், ஊர் மாறுற செலவும் அவங்களோடது. இதை சங்கம் கண்ணை மூடிக்கிட்டு ஒத்துக்கிட்டதில்ல. லீக் வருமானத்துல கிட்டத்தட்ட பாதி பிளேயருங்களுக்குப் போகுது, டிரேட் உரிமை அந்தப் பெரிய பேரத்துல விட்டுக் கொடுத்த ஒண்ணு.

இந்த இடத்துக்கு வர்றதுக்கே ஒரு ஆள் தன் வாழ்க்கையைக் கொடுத்தார். 1969 அக்டோபர்ல செயின்ட் லூயிஸ் பேஸ்பால் டீம், அங்க 12 சீசன் ஆடின கர்ட் ஃபிளட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் பண்ணாங்க. அவர் போக மாட்டேன்னுட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பேஸ்பால் கமிஷனருக்கு, என் விருப்பத்தைக் கேக்காம வாங்கி விக்க நான் ஒரு சொத்து இல்லன்னு கடிதம் எழுதினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 1972ல 5-3ன்னு தோத்துப் போச்சு, அதுக்குள்ள அவரோட ஆட்டமும் முடிஞ்சு போச்சு. ஆனா அடுத்த வருஷமே பேஸ்பால் ஒப்பந்தத்துல ஒரு விதி வந்துச்சு, 10 வருஷம் ஆடி அதுல கடைசி 5 வருஷம் ஒரே டீம்ல இருந்தவரை அவர் சம்மதம் இல்லாம டிரேட் பண்ண முடியாது. பாஸ்கெட்பால்ல சங்கத் தலைவரா இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970ல போட்ட வழக்கு 1976ல சமரசத்துல முடிஞ்சது, ஒப்பந்தம் முடிஞ்சா பிளேயர் வேற டீமுக்குப் போகலாம்ன்ற உரிமை அதுல இருந்து படிப்படியா வளந்ததுதான். நான் என் வேலையில இந்த ரெண்டு பேரையும் அடிக்கடி நினைச்சுப்பேன், ஏன்னா உரிமைன்னு இன்னைக்கு சாதாரணமா சொல்ற எல்லாத்துக்கும் பின்னாடி யாரோ ஒருத்தர் சம்பளத்தை இழந்திருக்காங்க.

பேஸ்பால் மாதிரி தானா கிடைக்குற பாதுகாப்பு என்பிஏல கிடையாது. பிளேயர் பேரம் பேசி ஒப்பந்தத்துல நோ டிரேட்ன்னு ஒரு பிரிவு சேத்துக்கலாம், ஆனா அதைக் கேக்கவே லீக்ல 8 வருஷம் ஆடியிருக்கணும், அதுல 4 வருஷம் அந்த டீம்ல இருந்திருக்கணும். கோபி பிரையண்ட், டர்க் நொவிட்ஸ்கி மாதிரி ஒரு கை விரல்ல எண்ணிடலாம் அது கிடைச்சவங்களை. டிரோசன் 2016ல கையெழுத்துப் போட்டப்போ 7 சீசன்தான் முடிச்சிருந்தார். அதாவது வேற டீமைப் பாக்காமயே நிக்கிறேன்னு சொன்ன அந்த நேரத்துல, என்னை அனுப்பக் கூடாதுன்னு கேக்குற தகுதிகூட அவருக்கு வரல. இதை நான் கணக்குப் போட்டுப் பாத்த அன்னைக்கு ரொம்ப நேரம் மனசு கேக்கல. அவர் கொடுத்த விசுவாசத்துக்கு ரசீது வாங்கிக்க விதியிலயே இடம் இல்ல.

அதனால ஒப்பந்தப்படி பாத்தா ராப்டர்ஸ் எந்தத் தப்பும் பண்ணல, இது உறுதி. டிரேட் பண்றதையே துரோகம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒப்பந்தத்துல இல்லாத ஒண்ணு இருக்கு, சொன்ன வார்த்தை. டிரேடுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி லாஸ் வேகஸ்ல சம்மர் லீக் நடந்தப்போ டீம் தலைவர் மசாய் உஜிரி டிரோசனோட பேசினார். அந்தப் பேச்சுல இருந்து, நம்மள அனுப்ப மாட்டாங்கன்னு டிரோசன் நம்பிக்கையோட கிளம்பினார். டிரேட் முடிஞ்சதும் உஜிரி எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டார், பேச்சுல ஒரு இடைவெளி விழுந்துடுச்சு, இனிமே உன்கிட்ட என்ன எதிர்பாக்குறோம்னு நான் பேசினதுதான் தப்பாயிருக்கலாம்ன்ற மாதிரி சொன்னார். இதுவரைக்கும் உறுதி. உஜிரி நேரடியா உன்னை டிரேட் பண்ண மாட்டேன்னு வாக்குக் கொடுத்தாரா, இல்ல அடுத்த சீசனைப் பத்திப் பேசினதை டிரோசன் அப்படி எடுத்துக்கிட்டாரான்றது சந்தேகம்தான், ரெண்டு பேரும் தங்களோட நினைவுல உண்மையாவே இருக்கலாம்.

ஆனா என் அனுபவத்துல ஒண்ணு சொல்றேன். பல வருஷம் முன்னாடி ஒரு தொழிற்சாலை, பேர் வேண்டாம். ஐம்பது தாண்டின ஒரு மெஷினிஸ்டுக்கு வெளிய நல்ல வேலை வந்துச்சு. மேனேஜர்கிட்ட போய் கேட்டிருக்கார், போகட்டுமா இருக்கட்டுமான்னு. அடுத்த வருஷம் புது லைனுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கோம்னு சொல்லி அனுப்பியிருக்கார். இவர் அந்த வேலையை வேண்டாம்னுட்டார். ஆறு வாரத்துல இவர் இருந்த லைனையே வேற ஊருக்கு மாத்திட்டாங்க. நான் ஒப்பந்தத்தை வரி வரியா தேடினேன், நோட்டீஸ் சரியா கொடுத்திருக்காங்க, பணம் சரியா கொடுத்திருக்காங்க, பிடிக்க ஒரு இடம்கூட இல்ல. அவர் என் முன்னாடி உக்காந்து தொப்பியை ரெண்டு கையாலயும் சுத்திக்கிட்டே இருந்தார். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. "அன்னைக்கு நான் போய் கேட்டப்போ அவனுக்கு இது தெரியுமா?" இதை மட்டும்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். டிரோசன் எழுதினதும் இதே கேள்விதான். ஒண்ணு சொல்றாங்க இன்னொண்ணு நடக்குது. என்னை அனுப்பிட்டாங்கன்ற கோபம் அந்த வரியில இல்ல, அன்னைக்கே தெரிஞ்சும் சொல்லலன்ற கோபம்தான் இருக்கு.

டீம் பக்கத்தையும் நியாயமா சொல்லணும். டிரேட் பேச்சுல பத்துல ஒன்பது நடக்காமப் போகும். முன்னாடியே பிளேயர்கிட்ட சொல்லி, அது பத்திரிகைக்குப் போய், கடைசியில டிரேட் நடக்கலன்னா அவர் மனசு ஒடஞ்சு அதே ரூம்ல திரும்ப வந்து உக்காரணும். இதே டீம்ல 2013 டிசம்பர்ல கைல் லாரியை நியூயார்க்குக்கு அனுப்புறது கிட்டத்தட்ட முடிஞ்சு போய் கடைசி நிமிஷத்துல நியூயார்க் ஓனர் வேண்டாம்னதால நின்னுச்சு, அந்த லாரிதான் அப்புறம் இந்த டீமோட உயிரா ஆனார். அதனால ரகசியம் வெச்சதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ரகசியத்தைக் காப்பாத்த பொய்யான நிம்மதி கொடுக்கணும்னு அவசியம் இல்ல. உன்னைப் பத்தி என்னால எந்த உறுதியும் தர முடியாது, கேக்காதன்னு ஒரு வரி போதும். அதைச் சொல்ற மேனேஜரை மேஜைக்கு எதிர்ப் பக்கம் உக்காந்தே நான் மதிச்சிருக்கேன், சண்டை போட்டுக்கிட்டே மதிச்சிருக்கேன்.

இதைவிட எனக்கு வலிக்கிற கதை ஐசாயா தாமஸ். 2011 டிராஃப்ட்ல 60ஆவது, அதாவது கடைசி ஆளா எடுத்த பையன், 5 அடி 9 அங்குலம்னு சொல்வாங்க. 2017ல பாஸ்டன் செல்டிக்ஸுக்கு மேட்சுக்கு சராசரி 28.9 பாயின்ட். பாஸ்டனோட முதல் பிளேஆஃப் மேட்சுக்கு முந்தின நாள் அவர் தங்கச்சி கார் விபத்துல இறந்துட்டாங்க. அடுத்த நாள் கண்ணீரோட கோர்ட்ல நின்னார், ஆடினார். மே 2ஆம் தேதி, அந்தத் தங்கச்சியோட பிறந்தநாள் அன்னைக்கு, வாஷிங்டனுக்கு எதிரா 53 பாயின்ட். இடுப்புல காயத்தோடவே ஆடிக்கிட்டு இருந்தார், கடைசியில முடியாம பாதி சீரிஸ்ல நிறுத்த வேண்டியதாச்சு. ஆகஸ்ட்ல கைரி இர்விங்கை வாங்குறதுக்காக அவரை கிளீவ்லாண்டுக்கு அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம் பெரிய ஒப்பந்தம் வாங்க வேண்டிய மனுஷன், அந்த இடுப்பு சரியாகாம 2018ல டென்வர்ல குறைஞ்சபட்ச சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பாஸ்கெட்பால் கணக்குல பாஸ்டன் பண்ணது சரிதான், அந்த இடுப்பை நம்பிப் பெரிய பணம் போட எந்த டீமும் தயங்கும். ஆனா ஒருத்தர் உடம்பையே பணயம் வெச்சு ஆடினா அதுக்கு ஒப்பந்தத்துல விலை கிடையாது, அதைக் கொடுக்கறவர் அன்பளிப்பா கொடுக்கறார்ன்றது எனக்கு அந்த வருஷம்தான் உறைச்சுது. என்கிட்ட வர்ற தொழிலாளிங்ககிட்ட இப்போ நான் தெளிவாவே சொல்றது, வலியோட வேலை பாக்காதீங்க, அதை யாரும் கணக்குல எழுத மாட்டாங்க.

2025 பிப்ரவரியில நடந்த லூகா டான்சிச் விஷயத்தையும் நீங்க லேசா தொட்டிருந்தீங்க. அது வேற ரகம். 25 வயசு, லீக்ல வருஷா வருஷம் தேர்ந்தெடுக்குற சிறந்த அஞ்சு பேர் அணியில 5 தடவை பேர் வந்தவர், எட்டு மாசம் முன்னாடிதான் டல்லாஸை ஃபைனலுக்குக் கூட்டிட்டுப் போனவர், அவரை ராத்திரியோட ராத்திரியா லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆன்தனி டேவிஸை வாங்கினாங்க. அங்கயே இருந்திருந்தா அந்தக் கோடையில 5 வருஷத்துக்கு சுமார் 34.5 கோடி டாலருக்கு சூப்பர்மேக்ஸ்ன்ற உச்சபட்ச ஒப்பந்தம் கிடைச்சிருக்கும், டீம் மாறினதும் அந்தத் தகுதியே போச்சு, அப்புறம் லேக்கர்ஸ்ல 3 வருஷத்துக்கு 16.5 கோடி. சம்பளம் குறையாதுன்னு மேல சொன்னேன் இல்ல, ஏற்கனவே போட்ட ஒப்பந்தத்துலதான் குறையாது, வரப்போறது போயிடும். டிஃபென்ஸ்தான் கப் ஜெயிக்கும்னு ஜெனரல் மேனேஜர் நிக்கோ ஹாரிசன் காரணம் சொன்னார். ரசிகருங்க ஸ்டேடியம் வாசல்ல நொவிட்ஸ்கி சிலை பக்கத்துல சவப்பெட்டி கொண்டாந்து வெச்சாங்க, நவம்பர்ல ஹாரிசனையே நீக்கிட்டாங்க. இதுல என் கருத்து, லாயல்டி பிசினஸ்ன்ற பேச்சே இங்க வேண்டாம், பிசினஸாவும் அது மோசமான முடிவு. பிசினஸ்ன்ற வார்த்தையைச் சொல்லிட்டா முடிவு புத்திசாலித்தனமானதுன்னு ஆயிடாது, இதை நிறைய பேர் கலந்துக்கறாங்க.

பிளேயர் பக்கமும் சுத்தம்னு சொல்ல மாட்டேன். வின்ஸ் கார்ட்டர் போகணும்னு நின்னு போனார், அவருக்குப் பதிலா வந்தவங்கள்ல அலான்சோ மோர்னிங் இங்க வரவே மாட்டேன்னுட்டார், ஒரு மேட்ச் ஆடாதவருக்கு டீம் பணம் கொடுத்து அனுப்பி வெச்சது. காவாயும் சான் அன்டோனியோவுல, ஒப்பந்தம் பாக்கி இருக்குறப்போவே, என்னை வெளிய அனுப்புங்கன்னு கேட்டவர்தான், அவர் கேக்கலன்னா டிரோசன் டிரேடே கிடையாது. 2019 ஜனவரியில டேவிஸ் நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போகணும்னு அவரோட ஏஜென்ட் வெளிப்படையா சொன்னதுக்கு லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. ஆக ரெண்டு பக்கமும் ஒப்பந்தம் ஓடுறப்போவே பிரிய நினைக்கிறாங்க. வித்தியாசம் நம்மகிட்ட இருக்கு. கார்ட்டர் இங்க ஆட வந்த ஒவ்வொரு தடவையும் பத்து வருஷம் கூச்சல் போட்டோம், நானும் போட்டிருக்கேன். 2014ல அவருக்கு ஒரு வீடியோ போட்டப்போ மனுஷன் கோர்ட்லயே அழுதுட்டார், 2024 நவம்பர்ல அவரோட 15ஆம் நம்பர் ஜெர்சியை மரியாதையா ஸ்டேடியக் கூரையில ஏத்தினாங்க. ஒரு பிளேயரை மன்னிக்க நமக்கு பத்து வருஷம், டீமை மன்னிக்க ஒரு சீசன். நீங்க கேட்ட அநியாயம் இதுதான், அது சட்டத்துல இல்ல, நம்ம மனசுல இருக்கு, ஏன்னா டீமுக்கு முகம் கிடையாது, யாரைப் பாத்துக் கூச்சல் போடுறது.

கோடிக்கணக்குல சம்பாதிக்கிறவங்களுக்கு என்ன வலின்னு உங்க கேள்விக்குக் கீழ ஒருத்தர் எழுதியிருந்தார். 2019 பிப்ரவரியில ஹாரிசன் பார்ன்ஸ் டல்லாஸ் டீமோட மேட்ச் நடந்துக்கிட்டு இருக்குறப்போவே, அந்த பெஞ்சுல யூனிஃபார்மோட உக்காந்திருக்குறப்போவே, டிரேட் ஆனார். பணம் அவருக்குக் குறையல. ஆனா அந்த நிமிஷம் யாருக்குமே நடக்கக் கூடாத நிமிஷம்னுதான் எனக்குத் தோணுது. இதுக்கு மேல அந்தக் கருத்துக்குப் பதில் சொல்லத் தேவையில்ல.

கப்புக்கு வரேன். இங்கதான் உறுதியா சொல்லக்கூடியதும் சந்தேகமானதும் ரொம்பக் கலந்து கிடக்கு. உறுதி என்னன்னா, காவாய் அந்த பிளேஆஃப்ல 24 மேட்ச்ல 732 பாயின்ட் எடுத்தார், மே 12ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரா ஏழாவது மேட்ச்சோட கடைசி பந்து ரிம்ல நாலு தடவை குதிச்சு உள்ள விழுந்துச்சு, ஜூன் 13ஆம் தேதி கோல்டன் ஸ்டேட்டை 4-2ன்னு ஜெயிச்சோம், ஜூலையில அவர் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குப் போயிட்டார். டிரோசன் இருந்திருந்தா கிடைச்சிருக்காதுன்றது சந்தேகம். அந்த 2018 கோடையிலதான் லெப்ரான் எங்க டீம் இருக்குற கிழக்குப் பிரிவுல இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனார், எங்களை மூணு வருஷம் தொடர்ந்து வெளிய தள்ளினவர் வழியை விட்டுட்டார். ஃபைனல்ல கெவின் டுரான்ட்டுக்கும் கிளே தாம்சனுக்கும் காயம். இதையெல்லாம் கழிச்சுப் பாத்தாலும் எனக்குத் தோணுறது, அந்த நாலு தடவை குதிச்ச ஷாட்டை ரெண்டு ஆள் மேல கை நீட்டி நிக்கிற மாதிரி இருக்குறப்போ போட டிரோசனால முடிஞ்சிருக்காது. அவர் மேல எனக்கு எவ்ளோ பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகணும். டிரேட் சரியான முடிவு. அதுக்கு முன்னாடி அவருக்குக் கொடுத்த நிம்மதி தப்பு. ரெண்டையும் சேத்தே நான் வெச்சுக்கறேன், ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அழிக்க முயற்சி பண்றதில்ல.

2019 பிப்ரவரி 22 ஞாபகம் இருக்கா உங்களுக்கு? ஸ்பர்ஸ் ஜெர்சியில டிரோசன் முதல் தடவையா இங்க ஆட வந்த ராத்திரி. பெரிய ஸ்கிரீன்ல அவரோட வீடியோ ஓட, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நின்னுச்சு, அவர் நெஞ்சுல கை வெச்சுக்கிட்டு நின்னார். நான் டிவியிலதான் பாத்தேன், என் மனைவி பாஸ்கெட்பால் பக்கமே வராதவ, அவளும் சமையலறையில இருந்து வந்து நின்னா. அப்புறம் மேட்ச் கடைசி நொடிகள்ல ஸ்பர்ஸ் முன்னாடி இருக்க, பந்து டிரோசன் கையில, காவாய் அதைத் தட்டிப் பறிச்சுக்கிட்டு தனியா ஓடிப் போய் டங்க் பண்ணார். 120-117. வீட்ல கத்தினேன், கத்தி முடிச்சதும் கேமரா டிரோசன் முகத்தைக் காட்டிச்சு, அப்படியே உக்காந்துட்டேன். நீங்க இத்தனை வருஷமா உறுத்துதுன்னு சொல்ற உணர்ச்சி எனக்கு அந்தப் பத்து நொடியில முழுசா வந்து போச்சு.

ஜெர்சி விஷயம். போடுங்க தம்பி. 2019 ஜூன் 17 பரேடுக்கு பத்து லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, டவுன்டவுன்ல கால் வைக்க இடமில்ல, பஸ் எங்க பக்கம் வரவே மணிக்கணக்காச்சு. நான் அன்னைக்கு 10ஆம் நம்பர்தான் போட்டுட்டுப் போனேன். யாராவது ஏதாவது சொல்வாங்களோன்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். எனக்கு முன்னாடி நின்ன ஒரு அம்மா தோள்ல பேரனைத் தூக்கி வெச்சிருந்தாங்க, அவன் முதுகுலயும் 10, அவங்க முதுகுலயும் 10.